பெயர் மாறினால்தான் வண்டி நம்முடையது

(கூட்டுறவு ஆய்வாளர் ஒருவர் எழுதியது)

மாடு வாங்கச் சந்தைக்குப் போகும் குடியானவர் தனியாகப் போவதில்லை. விஷயம் தெரிந்த ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டுதான் போவார். பல்லைப் பிடித்துப் பார்ப்பார், சுழி பார்ப்பார், நாலு அடி நடக்கவிட்டுப் பார்ப்பார். அதன் பிறகே துண்டுக்கு அடியில் விரல் பிடித்து விலை பேசுவார். நெசவாளரும் அப்படியே. சங்கத்தில் கொடுக்கும் நூலைச் சிட்டம் பிரித்துப் பார்த்து, நம்பர் சரியா, முறுக்கு சரியா என்று தெரிந்துகொள்ளாமல் தறியில் ஏற்றமாட்டார். இத்தனை எச்சரிக்கையுள்ள நம் அங்கத்தினர்கள், பழைய மோட்டார் கார் ஒன்றை வாங்கும்போது மட்டும், பெயிண்டின் பளபளப்பைக் கண்டு பணத்தை எண்ணிக் கொடுத்துவிடுகிறார்கள். இது ஏன் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். மாட்டையும் நூலையும் நாம் தலைமுறை தலைமுறையாக அறிவோம். காரோ நம் வீட்டு வாசலுக்கு இப்போதுதான் வந்திருக்கிறது என்பதே காரணமாயிருக்க வேண்டும்.

இக்கட்டுரையை எழுதத் தூண்டிய சம்பவம் ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன்.

என் சரகத்தைச் சேர்ந்த நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் ஆய்வுக்காக உட்கார்ந்திருந்தேன். அங்கத்தினர் ஒருவர் மேஜை அருகில் வந்து நின்றார். ஐம்பது வயதைக் கடந்தவர். அவர் மனைவிக்கு வாரம் இருமுறை ஆஸ்பத்திரியில் இரத்தச் சுத்திகரிப்பு நடந்துவந்தது. ஆட்டோவுக்குக் கொடுத்து மாளவில்லை என்று, பழைய கார் ஒன்று பார்த்து வைத்திருந்தார். “வண்டி நல்லாத்தான் இருக்குதுங்க சார், வாங்கலாங்களா?” என்று கேட்டார். நான் நாள்வழிப் புத்தகத்திலிருந்து தலையை முழுவதும் தூக்கவில்லை. “நல்ல மெக்கானிக்காகப் பார்த்துக் காட்டி வாங்குங்கள்” என்று சொல்லிவிட்டு மறுபடியும் கணக்கில் ஆழ்ந்துவிட்டேன்.

அவர் அப்படியே செய்தார். மெக்கானிக் எஞ்சின் நன்றாயிருக்கிறது என்றார், அது பொய்யன்று. சிக்கனச் சேமிப்பை எடுத்தும், மனைவியின் நகையை வைத்தும் 1,85,000 ரூபாய் கொடுத்து வண்டியை ஓட்டிவந்தார். பெயர் மாற்றத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விற்றவர் சொன்னார், இவரும் சம்மதித்தார். ஐந்தாம் மாதத்தில் ஒரு நாள் விடியற்காலையில் நிதி நிறுவனத்தின் ஆட்கள் காகிதத்துடன் வந்து வண்டியை எடுத்துச் சென்றுவிட்டார்கள். விற்றவர் அவ்வண்டியின் பேரில் வாங்கிய கடனைத் தீர்க்கவேயில்லை. வண்டி கை மாறிய மாதத்திலிருந்து தவணை கட்டுவதையும் நிறுத்திவிட்டார். அவருடைய தொலைபேசி எண்ணும் அதன் பின் பேசவில்லை.

அடுத்த ஆய்வின்போது நெசவாளர் மறுபடியும் வந்தார். இம்முறை கடன் கேட்டு வந்தார். கையில் வண்டியின் பதிவுச் சான்றுக்கு நகல் ஒன்று இருந்தது. முன்பக்கத்தின் நகல் மட்டுமே. அசல் அட்டை வீட்டில் எங்கோ இருக்கிறது, தேடித் தருகிறேன் என்று சொல்லி, அதைத்தான் விற்றவர் கொடுத்திருந்தார். நான் என் கைப்பேசியை எடுத்து வண்டியின் எண்ணை எழுத்துப் பிசகாமல் பதிந்து பார்த்தேன். வண்டியின் பேரில் கடன் இருக்கிறது என்ற குறிப்பு ஒரு நிமிஷத்தில் வந்துவிட்டது. அந்த ஒரு நிமிஷத்தை, அவர் முதல் முறை வந்து கேட்ட அன்று நான் செலவழித்திருந்தால், அவர் வீட்டு நகை அவர் வீட்டிலேயே இருந்திருக்கும். மெக்கானிக்கிடம் காட்டச் சொன்ன என் யோசனை தவறன்று. ஆனால் அது பாதி யோசனை. மற்றப் பாதியை இப்போதாவது எழுதுவது என் கடமை என்று கருதுகிறேன்.

உடைமையாளர் யார்?

கார் வாங்குகிறவர் இரண்டு பொருள்களை வாங்குகிறார். ஒன்று இரும்பு, மற்றது காகிதம். இரும்பில் குறை இருந்தால் பணம் செலவழித்துச் சரிசெய்து கொள்ளலாம். காகிதத்தில் உள்ள குறை அப்படிப்பட்டதன்று.

சாவியும் பணமும் கைமாறினால் வண்டி கைமாறிவிட்டது என்பது நம் நாட்டில் வெகுகாலப் பழக்கம். 1939ஆம் ஆண்டின் பழைய மோட்டார் வாகனச் சட்டத்தில் ‘உடைமையாளர்’ என்ற சொல்லுக்குக் கொடுத்த விளக்கத்திலும், பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறது என்ற பேச்சு இல்லை. 1988ஆம் ஆண்டுச் சட்டம் அதை மாற்றிவிட்டது. 1989 ஜூலை முதல் அமலில் உள்ள இச்சட்டத்தின்படி, எவர் பெயரில் வண்டி பதிவாகியிருக்கிறதோ அவரே உடைமையாளர். சட்டம் மாறியும் பழக்கம் மாறவில்லை. தொல்லைகள் பலவற்றிற்கும் வேர் இதுதான்.

இதன் விளைவு எவ்வளவு கடுமையானது என்பதை உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரியில் அளித்த ஒரு தீர்ப்பால் அறியலாம். ஒருவர் தம் காரை விற்றுவிட்டார். வாங்கியவர் வேறொருவருக்கு விற்றார். அது மேலும் கைமாறிற்று. யாரும் பதிவேட்டில் பெயரை மாற்றவில்லை. பிறகு அக்கார் விபத்துக்குள்ளாகி ஓர் உயிர் போயிற்று. நஷ்டஈடு யார் கொடுப்பது என்ற வழக்கு மேலே மேலே சென்றது. பதிவேட்டில் பெயர் உள்ளவரே பொறுப்பாளி என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வண்டி யாரிடமிருந்து யாருக்குப் போயிற்று என்று தேடித் திரியும் பாரத்தை, விபத்தில் உறவினரை இழந்தவர் மேல் சுமத்தலாகாது என்பது நீதிமன்றம் கூறிய காரணம். நியாயமான காரணமே. ஆனால் எப்போதோ விற்றுவிட்ட காருக்காக நீதிமன்றப் படி ஏறியவரின் நிலையையும் எண்ணிப் பாருங்கள். ஆகவே பெயர் மாற்றம் வாங்குகிறவருக்கு எவ்வளவு அவசியமோ, விற்கிறவருக்கும் அவ்வளவு அவசியம்.

மற்றொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். கடையில் வாங்கிய பொருள் பழுதாயிருந்தால் நுகர்வோர் ஆணையத்தில் முறையிடுகிறோம். தம் சொந்தக் காரை விற்கும் தனி மனிதர் வியாபாரி அல்லர். ஆகவே அவர் மேல் அந்த ஆணையத்தில் முறையிட வழியில்லை. மோசடியானால் போலீசும், மற்றபடி சிவில் நீதிமன்றமுமே கதி. 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், வாங்குகிறவர் தாமே பார்த்து வாங்க வேண்டும் என்பதையே பொது விதியாக வைத்திருக்கிறது. விற்கிறவருக்கு இல்லாத உரிமையை அவரிடமிருந்து நாம் பெறமுடியாது என்பதும் அச்சட்டத்தில் உள்ளதே.

பழைய வண்டிகளை வாங்கி விற்பதையே தொழிலாகக் கொண்டவர்களுக்கு 2023 ஏப்ரல் முதல் புதிய விதிகள் அமலில் உள்ளன. அவர்கள் பதிவு அதிகாரியிடம் அங்கீகாரச் சான்று பெறவேண்டும். வண்டி தம்மிடம் வந்ததைத் தெரிவிக்கவும் வேண்டும். “என் மைத்துனர் வண்டிதான்” என்று சொல்லிக்கொண்டு நான்கு வண்டிகளைக் காட்டுகிறவர், தனி மனிதரும் அல்லர்; அங்கீகாரம் பெற்றவராகவும் இருக்கமாட்டார். அத்தகையவரிடம் இரட்டிப்பு எச்சரிக்கை தேவை.

வண்டிக்கும் வில்லங்கம் உண்டு

நிலம் வாங்கும்போது வில்லங்கச் சான்று போட்டுப் பார்க்காதவர் நம்மில் எவரும் இல்லை. காருக்கும் அப்படி ஒரு வில்லங்கம் உண்டு. அதற்கு ஹைபாதிகேஷன் என்று பெயர். கடன் வாங்கி வாங்கிய வண்டியின் பதிவுச் சான்றில், அதாவது ஆர்.சி.யில், கடன் கொடுத்தவரின் பெயரும் எழுதப்பட்டிருக்கும். இக்காலத்து அட்டைகளில் இக்குறிப்பு பின்புறத்தில் இருக்கும். ஆகவே அட்டையின் இருபுறத்தையும் பாருங்கள். நகலை நம்பாமல் அசலைக் கேளுங்கள். அசல் காணாமற்போயிற்று என்றால், மாற்றுப் பிரதி வாங்கிக் கொடுங்கள், பிறகு வருகிறேன் என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்துவிடுங்கள். அசல் ஆர்.சி. ஏதாவதோர் அடமானத்தில் இருக்கக்கூடும்.

கடன் கொடுத்தவரின் சம்மதமில்லாமல் பெயர் மாற்றம் நடைபெறாது. “கடனையெல்லாம் கட்டிவிட்டேன், எழுத்து மட்டும் அப்படியே இருக்கிறது” என்று விற்பவர் சொல்லலாம். அது உண்மையாகவும் இருக்கலாம். அப்படியானால் நிதி நிறுவனத்திடமிருந்து தடையின்மைக் கடிதமும், இருவரும் கையொப்பமிட்ட 35ஆம் எண் படிவமும் பெற்று, அக்குறிப்பை நீக்கிய பிறகே விலை பேசுங்கள். கடன் இன்னும் பாக்கி இருந்தால், நம் பணத்தை விற்பவர் கையில் கொடுத்து அவர் போய்க் கட்டுவார் என்று காத்திராமல், இருவருமாக நிதி நிறுவனத்துக்குச் சென்று, கடன் கணக்கிலேயே நேரே கட்டி, ரசீதும் கடிதமும் வாங்கிவிடுவது நல்லது.

பதிவுச் சான்றில் வேறு சிலவற்றையும் பார்க்கவேண்டும். விற்பவர் பெயரும் ஆதாரில் உள்ள பெயரும் ஒன்றுதானா? எத்தனையாவது உடைமையாளர்? சேஸிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் வண்டியில் பொறித்துள்ளவற்றோடு ஒத்திருக்கின்றனவா? இக்கால வண்டிகளின் சேஸிஸ் எண் 17 எழுத்தும் இலக்கமும் கொண்டது. வண்டியில் அது பொறித்துள்ள இடத்தில் வெள்ளைத்தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தால் அச்சு விழும். அந்த அச்சைச் சான்றோடு வைத்து ஒவ்வோர் எழுத்தாகப் பாருங்கள். எழுத்துக்கள் மேடுபள்ளமாகவோ, சுற்றிலும் வெல்டிங் அடையாளத்துடனோ இருந்தால் அந்த வண்டியை விட்டுவிடுங்கள்.

கைப்பேசியில் மத்திய அரசின் எம்-பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் பதிந்தால், பதிவான தேதி, இன்ஷூரன்ஸ் காலம், தகுதிச் சான்றின் காலம், கடன் குறிப்பு முதலியவை தெரியும். உடைமையாளரின் பெயரில் சில எழுத்துக்கள் மறைத்துக் காட்டப்படும். இருந்தாலும் ஒப்பிட்டுப் பார்க்கப் போதுமானது. கட்டாத அபராதங்களையும் இ-சலான் பக்கத்தில் பார்த்துவிடலாம். அபராதம் பாக்கி இருந்தால் விற்பவரையே கட்டச் சொல்லுங்கள்.

தகப்பனார் பெயரில் உள்ள வண்டியை, அவர் காலமான பிறகு மகன் விற்க வருவது சாதாரணமாக நடக்கிறது. இறந்தவர் கையொப்பமிட முடியாது. 31ஆம் எண் படிவத்தின் மூலம் முதலில் வாரிசின் பெயருக்கு வண்டி மாறவேண்டும்; அதற்குப் பிறகே அவர் நமக்கு விற்கலாம். மற்ற வாரிசுகளின் சம்மதத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

எல்லை தாண்டி வரும் வண்டி

நம் தருமபுரி மாவட்டம் பெங்களூருக்கு அருகில் இருப்பதால் இதைத் தனியாகச் சொல்லவேண்டியிருக்கிறது. அங்கு விலை மலிவு என்று கேள்விப்பட்டு, நம்மவர் பலர் ஓசூரைத் தாண்டிச் சென்று கே.ஏ. எண் கொண்ட கார்களை வாங்கி வருகிறார்கள். பாலக்கோட்டிலும் காரிமங்கலத்திலும் இத்தகைய வண்டிகளைக் காண்பது அரிதன்று. மலிவு என்பது மெய்யாகவும் இருக்கலாம். ஆனால் முழுக்கணக்கையும் போட்டுப் பார்த்த பிறகே அதை மலிவு என்று சொல்லலாம்.

வேற்று மாநில வண்டியை 12 மாதங்களுக்கு மேல் இங்கு வைத்திருப்பதானால் இங்குள்ள எண்ணுக்கு மாற்றவேண்டும் என்பது சட்டம். அதற்கு அம்மாநிலப் பதிவு அதிகாரியிடமிருந்து 28ஆம் எண் படிவத்தில் தடையின்மைச் சான்று பெறவேண்டும். பிறகு நம் மாநிலத்தின் ஆயுட்கால வரியை, வண்டியின் வயதுக்கும் விலைக்கும் தக்கபடி கட்டவேண்டும். பழைய மாநிலத்தில் கட்டிய வரியில் எஞ்சியதைத் திரும்பக் கேட்கலாம். ஆனால் அது கைக்கு வர நாள் பிடிக்கும். இவையெல்லாம் முடிந்த பிறகே டி.என். 29 என்ற நம் மாவட்ட எண் கிடைக்கும். வண்டி விலையோடு வரியையும், கட்டணங்களையும், அலைச்சலுக்கு ஆகும் பஸ் கட்டணத்தையும், வேலை கெட்ட நாட்களின் கூலியையும் கூட்டிப் பார்த்தால், பக்கத்துத் தெருவில் விலைக்கு இருந்த டி.என். வண்டியே மலிவாகத் தோன்றக்கூடும். தடையின்மைச் சான்று கைக்கு வராமல் முழுப்பணத்தையும் கொடுத்துவிடலாகாது. அதை வாங்கித் தரவேண்டியவர் விற்பவரே. பணம் முழுவதும் கைக்கு வந்தபின் அவருக்கு அதில் அவசரம் இராது.

வயதையும் கணக்கிடுங்கள். சொந்த உபயோகக் காரின் பதிவு 15 ஆண்டுக்குச் செல்லும். பிறகு ஐந்தாண்டுக்கு ஒருமுறை வண்டியைக் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரல் முதல் பன்மடங்கு உயர்ந்துவிட்டது. பசுமை வரியும் உண்டு. பதினான்கு வயதுக் காரை ‘நல்ல விலைக்கு’ வாங்குகிறவர், அடுத்த ஆண்டுச் செலவையும் சேர்த்தே விலை பேசவேண்டும். தக்காளியும் மாங்காயும் ஏற்றக் ‘குட்டி யானை’ வாங்கும் விவசாய அங்கத்தினர்கள் எஃப்.சி.யைக் கவனிக்க வேண்டும். சரக்கு வண்டிக்கு எட்டு வயது வரை இரண்டாண்டுக்கு ஒருமுறையும், அதன் பிறகு ஆண்டுதோறும் தகுதிச் சான்று புதுப்பிக்கவேண்டும். எஃப்.சி. முடியும் தறுவாயில்தான் பல வண்டிகள் விலைக்கு வருகின்றன.

இரும்பைப் பார்க்கும் முறை

காகிதம் சரியாயிருந்தால் இரும்பைப் பார்க்கலாம். பகலில் பாருங்கள், விளக்கு வெளிச்சத்தில் பெயிண்டின் ஒட்டு வேலை தெரியாது. மழையில் நனைந்த வண்டியும், அப்போதுதான் கழுவிய வண்டியும் அப்படியே. விற்பவர் வீட்டுக்கே சென்று பாருங்கள். வீடும் விலாசமும் தெரிந்ததாகும்.

எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது முதலில் கிளப்பச் சொல்லுங்கள். நாம் போகுமுன்பே சூடாக்கி வைத்திருந்தால் ஏதோ மறைக்கிறார்கள் என்று சந்தேகிக்கலாம். புகையைக் கவனியுங்கள். நீலப்புகை என்றால் எஞ்சின் ஆயில் எரிகிறது. கரும்புகை என்றால் எரிபொருள் சரியாக எரியவில்லை. காலையில் சற்று நேரம் வரும் மெல்லிய வெண்புகை குற்றமன்று. சூடேறிய பிறகும் தடித்த வெண்புகை வந்தால் ரேடியேட்டர் தண்ணீர் எஞ்சினுக்குள் போகிறது என்று கொள்ளலாம். அது பெரிய செலவு.

ஓடிய தூரம் காட்டும் மீட்டரை வேதவாக்காகக் கொள்ளாதீர்கள். அதைத் திருத்துவது கடினமன்று. 40,000 கிலோமீட்டர் என்று மீட்டர் காட்டும் வண்டியில் பிரேக் மிதியின் ரப்பரும், ஸ்டீயரிங் வளையத்தின் தோலும் வழுவழுப்பாகத் தேய்ந்திருந்தால், மீட்டரை விட்டுவிட்டு ரப்பரை நம்புங்கள். சர்வீஸ் புத்தகமும் பில்களும் இருந்தால் தேதிவாரியாக ஓடிய தூரம் தெரியும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் பொறித்திருக்கும். 2321 என்றிருந்தால் அது 2021ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்தது. டயர் ஒரு பக்கமாகவே தேய்ந்திருந்தால் சக்கர அமைப்பிலோ அடிச்சட்டத்திலோ கோளாறு இருக்கலாம். நான்கு கதவுகளின் இடைவெளியும் ஒரே அளவாயிருக்கிறதா என்று விரல் வைத்துப் பாருங்கள். விபத்தில் அடிபட்டு எடுத்துக்கட்டிய வண்டியில் அது ஒத்துவராது.

சென்னையில் 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் வந்த வெள்ளத்தில் எண்ணற்ற கார்கள் மூழ்கின. வெள்ளத்தில் நின்ற வண்டி பார்வைக்குப் புதிதுபோலத் தோன்றும். மின்கம்பிகள் மட்டும் மெல்ல மெல்ல அரித்துக்கொண்டிருக்கும். சீட் பெல்ட்டை முழுவதும் வெளியே இழுத்துப் பாருங்கள். அடியில் சேற்றுக் கறை இருந்தால் விஷயம் விளங்கிவிடும். இருக்கைக்குக் கீழுள்ள இரும்பில் துரு, விரிப்புக்கு அடியில் வண்டல், ஈரவாடை இவையும் அடையாளங்களே.

பிறகு ஓட்டிப் பாருங்கள். ஓட்டுமுன் இன்ஷூரன்ஸ் அமலில் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளுங்கள். மேடு பள்ளமுள்ள சாலையிலும், சிறிய ஏற்றத்திலும், வெறிச்சோடிய இடத்தில் பிரேக் அழுத்தியும் பார்க்கவேண்டும். தொப்பூர்க் கணவாயில் இறங்கும்போது பிரேக் பிடிக்காத வண்டிகளால் நேர்ந்த விபத்துக்களை நம் மாவட்டத்தில் அறியாதவர் இல்லை. அவ்வழியே சேலத்து ஆஸ்பத்திரிக்கும் அங்காடிக்கும் போய்வரப் போகிற வண்டி இது என்பதை மறவாதீர்கள். சந்தேகம் உள்ள இடத்தில், விற்பவருக்குத் தெரிந்த மெக்கானிக்கை விட்டு, நமக்குத் தெரிந்த மெக்கானிக்கிடம் காட்டுங்கள். அவருக்குக் கொடுக்கும் சில நூறு ரூபாய் வீண்செலவாகாது.

பணம் கொடுக்கும் முறை

முன்பணம் சிறிய தொகையாக இருக்கட்டும். அதற்கும் ரசீது வேண்டும். மீதியை வங்கிக் கணக்கின் மூலம், பதிவுச் சான்றில் பெயர் உள்ளவரின் கணக்குக்கே செலுத்துங்கள். தம்பி கணக்கு, நண்பர் கணக்கு என்பவை வேண்டாம். ஒரே விற்பனைக்கு 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவதை வருமான வரிச் சட்டம் 2017 முதல் தடை செய்திருக்கிறது. பெயர் மாற்றம் முடியும் வரை விலையில் ஒரு பகுதியை நிறுத்திவைப்பதென்று முன்கூட்டியே பேசி, எழுதிக் கொள்ளுங்கள். நேர்மையானவர் இதற்கு வருத்தப்படமாட்டார்.

கைப்பேசியில் படம் பார்த்து, வண்டியையே காணாமல் பணம் அனுப்பி ஏமாந்தவர்களும் உண்டு. தாம் இராணுவத்தில் இருப்பதாகவும், மாற்றலாகிப் போவதால் மலிவாக விற்பதாகவும், வண்டியை அனுப்பிவைக்கும் செலவை மட்டும் முதலில் கட்டும்படியும் சொல்வது இவ்வேமாற்றுக்காரர்களின் வழக்கமான கதை. கண்ணால் காணாத வண்டிக்கு ஒரு ரூபாயும் அனுப்பாதீர்கள். அனுப்பிவிட்டிருந்தால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குத் தெரிவியுங்கள்.

வண்டியைக் கையில் வாங்கும்போது நாள், மணி, மீட்டர் எண்ணிக்கை, தொகை எல்லாம் கண்டு, இருவரும் இரு சாட்சிகளும் கையொப்பமிட்ட டெலிவரி நோட் எழுதிக்கொள்வது நம் பக்கத்து வழக்கம். நல்ல வழக்கமே. ஆனால் அது அவ்விருவருக்குள் செல்லும் காகிதம். மூன்றாமவரையோ நீதிமன்றத்தையோ அது கட்டுப்படுத்தாது. அதற்கு வேண்டியவை 29, 30ஆம் எண் படிவங்கள். ஒரே மாநிலத்துக்குள் விற்றால் 14 நாட்களுக்குள் விற்றவர் பதிவு அதிகாரிக்குத் தெரிவிக்கவேண்டும். 30 நாட்களுக்குள் வாங்கியவர் தெரிவிக்கவேண்டும். இன்ஷூரன்ஸை நம் பெயருக்கு மாற்ற 14 நாட்களுக்குள் எழுதிக் கேட்கவேண்டும். மாற்றாவிட்டால், நம் வண்டியால் பிறருக்கு நேரும் தீங்குக்குப் பாதுகாப்பு தொடரும் என்றாலும், நம் வண்டிக்கே நேரும் சேதத்துக்கு ஒன்றும் கிடைக்காமற்போகும். விற்றவர் பல ஆண்டு கோரிக்கை இல்லாமல் சேர்த்த தள்ளுபடி அவருக்கே உரியது. அது வண்டியோடு நமக்கு வாராது.

விற்கும் அங்கத்தினருக்கு ஒரு சொல்

படிவங்களில் வெறுங்கையொப்பம் போட்டுக் கொடுத்துவிட்டுக் கவலை தீர்ந்தது என்று இருப்பவர்கள் நம்மில் பலர். வெற்றுப் பிராமிசரி நோட்டில் கையொப்பமிடலாகாது என்று சங்கக் கூட்டங்களில் நாம் ஓயாமல் சொல்கிறோம். இதுவும் அதைப் போன்றதுதான். அப்படிவம் தரகர் பெட்டியில் ஆண்டுக்கணக்காகக் கிடக்கும். வண்டி கைகை மாறி ஓடிக்கொண்டிருக்கும். அபராதமும் சம்மனும் நம் வீட்டுக்கு வரும். வாங்குகிறவரின் பெயர், விலாசம், தேதி எல்லாம் நிரப்பிய பிறகே கையொப்பமிடுங்கள். அவருடைய அடையாளச் சான்றின் நகலை வைத்துக்கொள்ளுங்கள். பெயர் மாறிவிட்டதா என்று ஒரு மாதம் கழித்துக் கைப்பேசியில் பார்த்துவிடுங்கள்.

சங்கம் செய்யக்கூடியது

இவற்றையெல்லாம் ஒவ்வோர் அங்கத்தினரும் தனித்தனியே கற்றுத் தேறவேண்டும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. மாடு வாங்கப் போகிறவர் துணைக்கு ஒருவரை அழைத்துச் செல்வதை முதலிலேயே சொன்னேன். அந்தத் துணையாகச் சங்கம் இருக்கலாகாதா? இதற்குத் தீர்மானமோ நிதியோ வேண்டியதில்லை. சங்கக் கட்டடத்தில் காரியதரிசியோ, படித்த இளம் அங்கத்தினர் ஒருவரோ, வண்டி வாங்க எண்ணுகிறவரின் காகிதத்தை வாங்கி இருபுறமும் படித்துச் சொன்னால் போதும். சேமிப்பிலிருந்து பணம் எடுக்கவோ நகைக்கடன் வாங்கவோ வருகிறவரிடம், “எதற்கு?” என்று கேட்கும்போது, “வண்டி வாங்க” என்றால், “ஆர்.சி.யைக் கொண்டு வாருங்கள், பார்ப்போம்” என்று ஒரு சொல் கூடச் சொல்வதில் யாருக்கும் நஷ்டம் இல்லை. நான் சொல்லாமல் விட்டது அந்தச் சொல்லைத்தான்.

அந்த நெசவாளர் போலீசில் மனுக் கொடுத்திருக்கிறார். பணம் இதுவரை திரும்பவில்லை. நகையை மீட்கத் தறியில் கூடுதல் நேரம் உட்கார்ந்தார். ஓராண்டுக்கு மேல் அவர் மனைவி பஸ்ஸிலேயே ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தார். சென்ற முறை நான் அச்சங்கத்துக்குப் போயிருந்தபோது அவர் மறுபடியும் மேஜை அருகில் வந்து நின்றார். மகன் திருப்பூரிலிருந்து அனுப்பிய பணத்தில் சிறிய கார் ஒன்று பார்த்திருந்தார். ஒன்றும் பேசாமல் ஒரு தாளை நீட்டினார். பதிவுச் சான்றின் நகல். முன்பக்கமும் பின்பக்கமும் ஒரே தாளில் இருந்தன. நான் நாள்வழிப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, அதை முதல் எழுத்திலிருந்து படிக்கத் தொடங்கினேன்.